நொய்யல் கரையில் பவானித் தண்ணீர்

திருப்பூரில் தண்ணீருக்கு ஒரு பெயர் போதாது. நல்ல தண்ணி, சப்பத் தண்ணி, லாரித் தண்ணி, கேன் தண்ணி, சாயத் தண்ணி என்று குறைந்தது ஐந்து பெயர்களாவது புழக்கத்தில் இருக்கின்றன. குழாயில் வாரத்துக்கு ஒருமுறையோ, பத்து நாளுக்கு ஒருமுறையோ வருவது நல்ல தண்ணி. வீட்டு போரில் ஏறி வருவது சப்பத் தண்ணி. அதில் குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. இரண்டும் இல்லாத நாளில் லாரித் தண்ணி, குடிக்க கேன் தண்ணி. ஐந்தாவதான சாயத் தண்ணி யாரும் கேட்டு வாங்காதது. அது ஓடையில் போகும். இன்றைக்கு என்ன கலர் துணி ஓடுகிறது என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பந்தயம் கட்டுவோம்.

எங்கள் தெருவில் "நல்லா இருக்கீங்களா" என்பதற்கு முன்னால் வரும் விசாரிப்பு, "நல்ல தண்ணி வந்துருச்சுங்களா?" என்பதுதான். சின்ன வயதில் இதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். வேலைக்காக வெளியூர் போன பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. ஊருக்கு நடுவே ஒரு ஆறு ஓடுகிறது. ஆனால் குடிப்பது வேறொரு ஆற்றின் தண்ணீரை. இது எப்படி நடந்தது?

பின்னலாடைத் தொழிலின் வரலாற்றை ஏற்றுமதிக் கணக்கை வைத்துச் சொல்வதே வழக்கம். இத்தனை கோடி, அடுத்த ஆண்டு இத்தனை கோடி என்று. அதே வரலாற்றைத் தண்ணீரை வைத்துச் சொன்னால் கதை வேறு மாதிரி வருகிறது. ஊருக்குள் தண்ணீர் கொண்டுவர இந்த நகரம் எவ்வளவு யோசித்தது, வெளியே போகும் தண்ணீரைப் பற்றி எவ்வளவு குறைவாக யோசித்தது என்பதுதான் அந்தக் கதை.

*

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேர்கிறது. காஞ்சிமாநதி என்பது பழைய பெயர். வருடம் முழுக்க ஓடும் ஆறு அல்ல, மழையை நம்பிய ஆறு. அதனால்தான் வெள்ளம் வரும்போது பிடித்துவைக்க நெடுக அணைக்கட்டுகளும் குளங்களும் சங்கிலி போலக் கட்டப்பட்டன. திருப்பூருக்குக் கிழக்கே அதன் கரையிலிருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தவர்களுக்கு மணிக்கற்கள் செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடயங்களும் கிடைத்தன. இந்த ஆற்றங்கரைக்குத் தொழிலும் ஏற்றுமதியும் இரண்டாயிரம் வருடத்துப் பழக்கம்.

1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் ரயில் பாதை திருப்பூர் வழியாக வந்தது. சுற்றிலும் பருத்தி விளையும் பூமி. ஜின்னிங் ஆலைகள் வந்தன, பஞ்சு மண்டி வந்தது. 1917இல் ஊர் நகராட்சியானது. 1925 வாக்கில் குலாம் காதர் கல்கத்தாப் பக்கத்துப் பின்னல் எந்திரத்தைக் கொண்டுவந்து முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் தொடக்கக் கதை.

அடுத்த ஐம்பது வருடம் திருப்பூர் என்றால் வெள்ளை பனியன். இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். வெள்ளைக்குத் தேவை சலவை மட்டும்தான். சலவைக்கும் தண்ணீர் வேண்டும், ப்ளீச்சிங் பவுடர் கழிவும் ஆற்றில்தான் போனது. ஆனால் அளவு சிறிது. ஆறு தாங்கிக்கொண்டது, அல்லது தாங்குவதுபோல் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஐரோப்பிய வியாபாரிகள் வந்தார்கள். வெரோனா என்ற இத்தாலிக்காரர் பெயர் இந்தக் கதையில் அடிக்கடி வரும். எண்பதுகளில் ஏற்றுமதி வேகம் பிடித்தது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. வெளிநாட்டுக்காரர் கேட்டது உள்ளாடை அல்ல, கலர் டி-ஷர்ட். பனியன் ஊர் சாய ஊரானது அப்போதுதான். வெள்ளையிலிருந்து கலருக்கு மாறியதை வியாபார வரலாற்றில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். தண்ணீரின் வரலாற்றில் அதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

*

ஏன் என்பதற்கு ஒரு சாயத் தொட்டிக்குள் எட்டிப்பார்க்க வேண்டும்.

பருத்தித் துணி தண்ணீரில் நனையும்போது அதன் மேற்பரப்பு லேசாக எதிர்மின்னூட்டம் பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டதே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாயம் துணியை நெருங்க வேண்டுமானால் அந்தத் தள்ளலை அடக்க வேண்டும். அதற்குத்தான் உப்பு. சாதாரண உப்பையோ, சோடியம் சல்பேட் என்ற கிளாபர் உப்பையோ கொட்டுவார்கள். பிறகு சோடா உப்புப் போட்டால் சாயம் இழையோடு பிணையும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பில் ஒரு பொட்டுக்கூடத் துணியோடு போகாது. வந்த வேலையை முடித்துவிட்டு அத்தனையும் தண்ணீரிலேயே நிற்கும்.

என் தாய்மாமா ஒரு பட்டறையில் சாய மாஸ்டராக இருந்தவர். "உப்பக் கொறைச்சா சாயம் ஏறாது மாப்ள. ஷேடு ஒத்து வரலைன்னு பார்ட்டி லாட்டையே திருப்பி அனுப்பிருவான்," என்பார். அடர்ந்த கலருக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்பது சாதாரணம். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் 600 கிராம் உப்பு ஆகிறது. 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு 120 கிராம். பழைய விஞ்ச் எந்திரங்கள் கிலோவுக்குப் பத்து லிட்டரோடு நிற்பவையும் அல்ல. போதாததற்கு அலசல்மேல் அலசல். சட்டை கப்பலேறி ஹாம்பர்க் போகும், உப்பு நொய்யலில் தங்கும்.

கண்ணை உறுத்தியது நிறம், கெடுத்தது உப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுக் கலக்கி, கசடைப் படியவைத்து, தெளிந்த நீரை வெளியே விட்டார்கள். நிறம் ஓரளவு போனது. கரைந்திருக்கும் உப்பை அந்த முறையால் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் கடல் தண்ணீரின் தம்பி. கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று வாரியம் வைத்த வரம்பு எட்டாத தூரத்தில் இருந்தது. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகள் வரக்கூடாது என்று தமிழக அரசு 1989இலேயே ஆணை போட்டிருந்தது. ஆணை கோப்பில் இருந்தது, பட்டறைகள் ஆற்றோரத்தில் இருந்தன.

*

உப்பு முதலில் போய்ச் சேர்ந்தது பட்டறைகளின் சொந்தக் கிணறுகளுக்குத்தான். தாங்கள் விட்ட தண்ணீரைத் தாங்களே இறைக்க வேண்டிய நிலை. உப்பேறிய தண்ணீரில் சாயம் சீராக ஏறாது. அப்போதுதான் லாரிகள் புறப்பட்டன. சுற்றுவட்டாரக் கிராமங்களின் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து 12,000 லிட்டர் டேங்கர்கள் இரவு பகலாக ஓடின. வெள்ளாமையைவிடத் தண்ணீரை விற்பது லாபம் என்று கணக்குப் போட்ட தோட்டக்காரர்கள் உண்டு. கேட்கும் விலை அப்படி. பல்லடம் ரோட்டிலும் அவினாசி ரோட்டிலும் லாரி ஒழுக்கிய ஈரக்கோடு காயவே காயாது.

ஆற்றின் கீழ்ப்பக்கம் என்ன நடந்தது என்பதற்கு ஒரத்துப்பாளையம் சாட்சி. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் மழை வெள்ளத்தைத் தேக்கி ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தர 1992இல் திறக்கப்பட்ட அணை அது. சில வருடங்களிலேயே அதில் நின்றது மழைத் தண்ணீர் அல்ல, திருப்பூர் விட்ட தண்ணீர். 1997இல் அதைத் திறந்துவிட்டபோது கீழே கால்நடைகளும் பயிர்களும் பாதிக்கப்பட்டன. அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். பாசனத்துக்காக அணை கட்டிய இடத்தில், அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டி வந்தது. சுற்றிலும் கிணறுகள் உப்பாயின, தென்னைகள் குலை சிறுத்தன. ஊரில் எங்கள் பள்ளிக்கூடப் பந்தயத்தின் கலர் ஓடைகள் எங்கே போய் நிற்கின்றன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

*

அதே சமயத்தில் திருப்பூர் நாடே கவனித்த ஒரு வேலையைத் தொடங்கியது. 1995இல் தமிழக அரசின் நிறுவனம், ஐஎல் அண்ட் எஃப்எஸ், ஏற்றுமதியாளர் சங்கம் மூவரும் சேர்ந்து நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியை உருவாக்கினார்கள். யோசனை எளிமையானது. தண்ணீருக்கு அரசிடம் பணம் இல்லை, தொழிலிடம் இருக்கிறது. காவிரியும் பவானியும் கூடும் பக்கத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவருவது. மேலே சொன்ன டேங்கர் லாரியில் இதைக் கொண்டுவர ஒரு நாளைக்கு 15,000 நடைக்கு மேல் ஆகும்.

பிப்ரவரி 2000இல் 30 வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. மகிந்திரா, பிரிட்டனின் யுனைடெட் யுட்டிலிட்டீஸ், அமெரிக்காவின் பெக்டெல் ஆகியவை இதில் பங்கேற்றன. செலவு சுமார் 1,023 கோடி ரூபாய். 2005-06இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் தனியார் முதலீட்டோடு நடந்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டம் இது. மேலாண்மைப் பாடங்களில் உதாரணமாகச் சேர்க்கப்பட்டது.

ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டு ஏப்ரலில் பொலிவியாவின் கோச்சபாம்பா நகரத்தில் மக்கள் தெருவில் இறங்கி, அங்கே தண்ணீரை நடத்தவந்த தனியார் கம்பெனியை விரட்டினார்கள். அந்தக் கம்பெனியிலும் பெக்டெல் இருந்தது. தண்ணீர் கட்டணம் ஒரேயடியாக ஏறியதுதான் காரணம். இங்கேயும் அந்தப் பயம் பேசப்பட்டது. ஆனால் திருப்பூரின் கணக்கு வேறு விதமாகப் போடப்பட்டிருந்தது. ஆயிரம் லிட்டருக்குத் தொழிலுக்கு 45 ரூபாய், நகராட்சிக்கு 5 ரூபாய், வழியோரக் கிராமங்களுக்கு அதைவிடக் குறைவு என்று தொடக்க விலை வைத்தார்கள். சாயப்பட்டறை தரும் பணத்தில் வீட்டுக்குக் குறைந்த விலையில் தண்ணீர். உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, அதில் நியாயமும் இருந்தது. கோச்சபாம்பாவில் நடந்தது இங்கே நடக்கவில்லை.

திட்டத்தின் பலவீனம் வேறு இடத்தில் இருந்தது. பட்டறைகள் நிறையத் தண்ணீர் வாங்கினால்தான் கடன் அடையும், வீட்டுக்கும் மலிவாகக் கிடைக்கும். அதாவது, சாயப்பட்டறைகள் மேலும் மேலும் தண்ணீர் செலவழிக்கும் என்ற நம்பிக்கையின் மேல் 1,023 கோடி நின்றது. உள்ளே வரும் 18.5 கோடி லிட்டருக்கு ஒப்பந்தம், விலை, அபராதம், உத்தரவாதம் எல்லாம் இருந்தன. திட்டத்தில் ஊரின் சாக்கடை நீருக்கு ஒரு நாளைக்கு 1.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையமும் உண்டு. சாயத் தண்ணீர் உப்போடு வெளியே போவதற்கு மட்டும் அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. மென்பொருள் தொழிலில் ஓர் அமைப்பை வரையும்போது உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஒரே தாளில் வரைவோம். இங்கே வெளியே போவது அடுத்த மாவட்டத்துக்காரரின் தாளில் இருந்தது.

*

அந்தத் தாளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். அவர்களுடைய பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் டிசம்பர் 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத நிலைக்கு வர வேண்டும், அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் பணம் கட்ட வேண்டும். முதல் மூன்று மாதம் 6 பைசா, அடுத்த இரண்டு மாதம் 8 பைசா, பிறகு 10 பைசா.

பைசாக் கணக்காகப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆயிரம் லிட்டருக்கு மாற்றிப் பாருங்கள். 60 ரூபாய், 80 ரூபாய், 100 ரூபாய். உள்ளே வரும் தண்ணீரின் விலை 45 ரூபாய். திருப்பூர் வரலாற்றில் முதல்முறையாக, தண்ணீரைக் கொண்டுவருவதைவிட வெளியே விடுவது விலை கூடியது. பொறியாளர்களும் வங்கிகளும் அரசும் பத்து வருடம் உட்கார்ந்து எழுதிய கணக்கில் விட்டுப்போன வரியை அந்தத் தீர்ப்பு எழுதிச் சேர்த்தது.

பட்டறைகள் உச்சநீதிமன்றம் போயின. அக்டோபர் 2009இல் அங்கேயும் தீர்ப்பு உறுதியானது, மூன்று மாத அவகாசத்தோடு. அவகாசம் முடிந்தும் கழிவுநீர் நிற்கவில்லை. 28 ஜனவரி 2011 அன்று, அவமதிப்பு வழக்கில், சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அந்த மாதங்களை ஊரில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். துணி வெளியூர்களுக்குச் சாயத்துக்குப் போனது. வெளி மாவட்டத்துத் தொழிலாளிகள் மூட்டை கட்டினார்கள், வாடகை வீடுகள் காலியாகிக் கதவில் பலகை தொங்கியது. மாமா ஆறு மாதம் வீட்டில் இருந்தார். ஒருநாள் திடீரென்று, "அந்தக் காட்டுக்காரங்க சொன்னதுல தப்பொண்ணும் இல்ல மாப்ள. ஆனா நாம எங்க போறது?" என்றார். கரூர் விவசாயியையும் திருப்பூர்த் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது அப்போது வழக்கமாக இருந்தது. இருவருடைய கஷ்டத்துக்கும் காரணம் அந்தக் கணக்கில் விட்டுப்போன ஒரே வரிதான்.

தீர்வு தொழில்நுட்பத்தில் வந்தது, பெரிய செலவில். கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்திகரித்து, எதிர் சவ்வூடு பரவல் வழியாகச் செலுத்தி, நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புவது. மிச்சமாகும் அடர் உப்புநீரைப் பதப்படுத்தி அடுத்த சாயத்துக்கு உப்பாகவே பயன்படுத்துவது. அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில் இதைச் செய்துகாட்டினார்கள். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒவ்வொரு நிலையமாகத் திறந்தது. ஊர் மீண்டது. இன்றைக்கு ஆண்டு ஏற்றுமதி 30,000 கோடியைத் தாண்டிவிட்டது. கழிவுநீரை முழுக்கத் திருப்பிப் பயன்படுத்தும் சாயத்தொழில் நகரம் என்று வெளிநாட்டு வாங்குநர்களிடம் திருப்பூர் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. விவசாயிகளின் வழக்கு இல்லாமல் அந்தப் பெருமை கிடைத்திருக்காது.

இந்த வெற்றியின் மறுபக்கத்தில் குழாய் நின்றது. தண்ணீரில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பட்டறை புதிதாக வாங்குவது குறையும் இடத்தை நிரப்ப மட்டுமே. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் தொழில்கள் நிலத்தடி நீருக்குப் போனதால் குழாயின் விற்பனை ஏற்கெனவே எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2011 மூடல் அதன் இடுப்பை ஒடித்தது. கம்பெனி கடன் சீரமைப்புக்குப் போனது. முக்கிய ஆதரவாளரான ஐஎல் அண்ட் எஃப்எஸ் 2018இல் தானே கடன் நெருக்கடியில் விழுந்தது. ஒரே ஊர், பத்து வருட இடைவெளிக்குள், அதிகத் தண்ணீர் செலவானால்தான் பிழைக்கும் ஒரு குழாயையும், தண்ணீர் செலவாகாமல் இருந்தால்தான் பிழைக்கும் ஒரு தொழிலையும் கட்டியது. இரண்டும் தனித்தனியே சரியான பொறியியல்தான், ஒரே கணக்கில் எழுதப்படவில்லை என்பதைத் தவிர.

*

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 1991இல் திருப்பூர் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 2.35 லட்சம். 2008இல் மாநகராட்சி, 2009இல் மாவட்டத் தலைநகரம். 2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்தபின் அந்த வருடக் கணக்கெடுப்பின்படி 8.77 லட்சம். இத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும். காவிரிக் குழாய்க்கு முன்பே ஊர் குடித்துவந்தது மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பவானித் தண்ணீரைத்தான். அம்ருத் திட்டத்தில் வந்த நான்காவது குடிநீர்த் திட்டமும் அங்கிருந்துதான். ஆகஸ்ட் 2024இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டம், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்கு எடுப்பதும் பவானியின் உபரி நீரைத்தான். மூன்று தலைமுறை கேட்டுப் பெற்ற திட்டம் அது, வரவேற்க வேண்டியது. ஆனாலும் நொய்யல் கரை ஊருக்கு ஒவ்வொரு முறை தாகம் எடுக்கும்போதும் பதில் பவானிதான் என்றாகிவிட்டது.

வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் சாக்கடையாக வெளியேறும் என்பது குடிநீர்ப் பொறியியலின் அடிப்படைக் கணக்கு. நூறு லிட்டர் நல்ல தண்ணி விட்டால் எண்பது லிட்டருக்கு வழி செய்தாக வேண்டும். திருப்பூரில் பாதாளச் சாக்கடை ஊரின் ஒரு பகுதிக்குத்தான் நெடுநாள் இருந்தது. விரிவாக்க வேலைகள் குடிநீர்க் குழாய்க்குப் பின்னால்தான் நடந்துவருகின்றன. இடைப்பட்ட காலத்தில் ஓடைகள் வழியாக நொய்யலுக்குப் போவது வீட்டுத் தண்ணீர். இதில் கலர் இல்லாததால் யாரும் பந்தயம் கட்டுவதில்லை. பட்டறைகள் எண்பதுகளில் செய்ததை இப்போது வீடுகள் செய்கின்றன. வித்தியாசம், பட்டறைக்கு ஒரு முதலாளி இருந்தார், அவருக்கு லிட்டருக்கு 10 பைசா அபராதம் போட முடிந்தது. ஒன்பது லட்சம் பேருக்கு எந்த நீதிமன்றமும் அப்படி ரசீது எழுத முடியாது.

இன்றும் புதிய திட்டம் ஒன்று வரும்போது, ஒரு நாளைக்கு எத்தனை கோடி லிட்டர் வரும் என்பதே செய்தியின் முதல் வரியாக இருக்கிறது. அதில் எத்தனை கோடி லிட்டர் எந்த வழியாக, எந்த நிலையில் வெளியே போகும் என்பது இரண்டாவது வரியாக வர வேண்டும். மாநகராட்சிக் கூட்டத்தில் அதைக் கேட்பதற்கு நாம் பொறியாளராக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்த விவசாயிகள் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். பதில் வாங்க அவர்களுக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது.